பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு குளோன் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆன் செய்துவிட்டுப் போய் டீ குடித்து வந்தால்தான் டெஸ்க்டாப் தெரியும் என்ற நிலையில் இருக்கும் லேப்டாப்களில் பலவற்றுக்குப் புது லேப்டாப் தேவையில்லை, புது டிஸ்க் போதும். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், பெரிய கோப்பு ஒன்றை விநாடிக்குச் சுமார் 100 எம்பி வேகத்தில் படித்துவிடும். ஆனால் விண்டோஸ் பூட் ஆகும்போது, அதாவது தொடங்கும்போது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேட வேண்டும். அப்போது அதே டிஸ்க் 1 எம்பிக்கும் கீழே இறங்கிவிடும். சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, முள் தேடுவதும் இல்லை.

டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸ், மென்பொருள்கள், பாஸ்வேர்டுகள், பிரிண்டர் செட்டிங் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டுமே என்றுதான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். குளோன் செய்தால் அந்தத் தலைவலி இல்லை. பழைய டிஸ்க்கில் இருக்கும் பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கைப் பிரித்திருக்கும் பகுதிகள்), கண்ணுக்குத் தெரியாத பூட் பகுதி உட்பட எல்லாம் அப்படியே புதியதில் உட்கார்ந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளோன் பொத்தானை அழுத்துவது இதில் ரொம்பச் சின்ன வேலை. கெட்டுப்போவதெல்லாம் அதற்கு முந்தைய தயாரிப்பிலோ, பிந்தைய முதல் பூட்டிலோதான். அதனால் இந்த வழிகாட்டியிலும் அந்த இரண்டு இடங்களில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறோம்.

எப்போது குளோன் வேண்டாம்

குளோன் நல்லதையும் கொண்டுபோகும், குப்பையையும் கொண்டுபோகும். வைரஸ் இருந்தால் வைரஸும் வரும். விண்டோஸ் அடிக்கடி நீலத் திரை காட்டுகிறது, அப்டேட் ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் புது டிஸ்க்கில் புதிதாக விண்டோஸ் போடுவதே மேல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கும் என்றால், குளோன் செய்து அப்டேட் செய்வதா, நேரடியாகப் புதிதாகப் போடுவதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஆப்பிள் சில்லிக்கான் மேக் வைத்திருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது.

பழைய டிஸ்க் நலமாக இருக்கிறதா?

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் திறந்து பாருங்கள். நீல நிறத்தில் 'குட்' என்று இருந்தால் மேலே போகலாம். மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் கீழேயுள்ள பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் டிஸ்க்கே ஒதுக்கிவைத்துவிட்டு மாற்றிடம் கொடுத்த செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னச் சேமிப்புத் துண்டுகள். சி5 என்பது படிக்க முடியாமல் திணறி, இன்னும் முடிவு தெரியாமல் காத்திருப்பவை. சி6 என்பது சரிசெய்ய முடியாமல் போனவை. மூன்றில் எனக்கு அதிகம் பயம் தருவது சி5. அது பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் குளோன் பாதி வழியில் பிழை காட்டி நிற்க வாய்ப்பு உண்டு. அந்த எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். மெனுவில் ரா வேல்யூஸ் என்ற இடத்தில் பதின்மத்துக்கு மாற்றிக்கொண்டால் புரியும்.

சி5 ஏறிக்கொண்டே போகும் டிஸ்க்கில் செக் டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் பரிசோதனைக் கருவி) ஓட்டாதீர்கள். இது பலர் செய்யும் தவறு. சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க்கை மூலை மூலையாகப் படிக்கவைப்பது அதன் ஆயுளை இன்னும் குறைக்கும். முதலில் குடும்பப் படங்கள், கணக்குகள், சான்றிதழ் ஸ்கேன்கள் என்று திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். அப்புறம் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் பென் டிரைவிலிருந்து டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். நன்றாகப் படிக்கும் பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் கோப்பில் குறித்துவைப்பதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 'டக் டக்' என்று சத்தம் வரும் டிஸ்க் என்றால் இதுவும் வேண்டாம். உடனே ஆஃப் செய்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொண்டுபோங்கள்.

டிஸ்க் நலமாக இருந்தாலும் அந்த முக்கியக் கோப்புகளைத் தனியாக எடுத்துவைக்கும் வேலை உண்டு. இதைத் தவிர்க்க நான் எந்தக் காரணத்தையும் ஏற்கமாட்டேன்.

எந்த எஸ்எஸ்டி, என்ன அளவு

டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு 1 ஜிபி என்றால் நூறு கோடி பைட். விண்டோஸ் கணக்குப் போடும் விதம் வேறு. அதனால் 500 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 465 என்று தெரியும். 512 ஜிபி எஸ்எஸ்டி 476 என்றும், 480 ஜிபி எஸ்எஸ்டி 447 என்றும், 1 டிபி 931 என்றும் தெரியும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, 'கிட்டத்தட்ட அதே அளவுதானே' என்று 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினால், பல குளோன் மென்பொருள்கள் 'இடம் போதாது' என்று சொல்லிவிடும். உள்ளே 150 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றாலும் அப்படித்தான். பார்ட்டிஷன் எங்கே முடிகிறது என்பதைத்தான் அவை பார்க்கின்றன. முடிந்தால் பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ வாங்குங்கள். பாதி வேலை குறைந்துவிடும்.

அடுத்தது வடிவம். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே மாட்டுவதானால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்குகளும் பயன்படுத்தும் இணைப்பு முறை). இதன் வேகம் விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், ஆனாலும் பழைய லேப்டாப்புக்கு அதுவே தாராளம். மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் சொருகும் இடம்) இருந்தால் கவனம் தேவை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஸ்லாட்களில் சில சாட்டாவை மட்டும் ஏற்கும், சில அதைவிட வேகமான என்விஎம்இயை மட்டும், சில இரண்டையும். லேப்டாப் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். 2280 என்று போட்டிருந்தால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம் என்று பொருள்.

ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு 2 டிபி, 4 டிபி என்று பெயர் தெரியாத எஸ்எஸ்டிகள் வரும். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய அளவு காட்டும்படி பொய் சொல்லவைத்திருப்பார்கள். எழுதும்போது எல்லாம் ஏறியது போலவே இருக்கும், படிக்கும்போதுதான் தெரியும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, பில்லும் வாரண்டியும் இருக்கும் சரக்கை மட்டும் வாங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

லேப்டாப்பில் ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம் என்றால், புது எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்க ஒரு யூஎஸ்பி அடாப்டர் வேண்டும். 2.5 அங்குலத்துக்கு சாட்டா–யூஎஸ்பி கேபிள். என்விஎம்இக்கு அதற்கென்று தனி கேஸ். அதை நீலநிற யூஎஸ்பி 3 போர்ட்டில் சொருகுங்கள். 200 ஜிபியை நகலெடுக்க யூஎஸ்பி 3-ல் ஒரு மணி நேரத்துக்குள் முடியலாம். யூஎஸ்பி 2-ல் விநாடிக்கு 35 எம்பிதான் என்பதால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். டெஸ்க்டாப் என்றால் இது எதுவும் வேண்டாம், இன்னொரு சாட்டா கேபிள் போதும். 3.5 அங்குல டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைப்பவர்கள் 12 வோல்ட் அடாப்டரோடு வரும் டாக்கை வாங்க வேண்டும். சாதாரண கேபிளில் அது சுழலவே சுழலாது.

அப்புறம் 4 ஜிபிக்கு மேல் ஒரு பென் டிரைவ், சின்ன நட்சத்திரத் திருப்புளி ஒன்று. மின்வெட்டு உள்ள ஊர் என்றால் டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ். லேப்டாப் சார்ஜரிலேயே இருக்கட்டும்.

விண்டோஸைத் தயார் செய்வது

பலரும் தாண்டிப் போகும் பகுதி இது. பின்னால் வரும் முக்கால்வாசிக் கஷ்டத்துக்கும் இதுவே காரணம்.

என்கிரிப்ஷனிலிருந்து, அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதியிலிருந்து, ஆரம்பிப்போம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நாம் கேட்காமலேயே பல லேப்டாப்களில் இது ஆன் ஆகியிருக்கும். புரோ பதிப்பில் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் என்று தேடுங்கள். ஆன் ஆகியிருந்தால் முதல் வேலையாக 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதியோ, ஃபோனில் படம் எடுத்தோ வையுங்கள். அதன் பிறகு என்கிரிப்ஷனை முழுமையாக ஆஃப் செய்யுங்கள். 'சஸ்பெண்ட்' செய்தால் மட்டும் போதாது. டிஸ்க் பூட்டியபடி இருந்தால் வெளியிலிருந்து வரும் குளோன் மென்பொருளுக்கு எந்த இடம் நிரம்பியது, எது காலி என்று தெரியாது. ஹார்ட் டிஸ்க்கில் டிகிரிப்ட் ஆகப் பல மணி நேரம் எடுக்கும், இரவில் விட்டுவிடலாம்.

பிறகு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் சி டிரைவைத் தொட லினக்ஸ் கருவிகள் மறுத்துவிடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை நீக்குங்கள். அவசரம் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அந்த ஒரு முறை முழுதாக அணையும்.

மூன்றாவது, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து 'பயாஸ் மோட்' என்ற வரியைப் படியுங்கள். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள். யூஇஎஃப்ஐ என்றால் கவலையில்லை. லெகசி என்றால் உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது. சாட்டாவிலிருந்து சாட்டாவுக்கு என்றால் அப்படியே குளோன் செய்யலாம். ஆனால் என்விஎம்இக்கு மாறுவதானால் பெரும்பாலான மதர்போர்டுகள் லெகசியில் அதிலிருந்து பூட் ஆகாது. மைக்ரோசாஃப்ட்டின் எம்பிஆர்2ஜிபிடி கருவி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது, முதலில் அதைக் கொண்டு புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிவிட்டு வாருங்கள். எம்பிஆர் டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் பயன்படுத்தவும் முடியாது.

சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. குளோன் செய்வதற்கு முன் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பகுதிக்குப் போய் 'சேஃப் பூட்' டிக் செய்துவிடுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் அடிப்படை டிரைவர்களையெல்லாம் ஏற்றிப் பார்க்கும் என்பதால் புது டிஸ்க்கை எளிதில் கண்டுகொள்ளும். முதல் பூட் ஆனதும் டிக்கை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், ஆகவே கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும்.

கடைக் கணினி என்றால் பில்லிங், கணக்கு மென்பொருள் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில உரிமங்கள் டிஸ்க்கின் வரிசை எண்ணோடு கட்டப்பட்டவை. விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டைப் பொறுத்தது என்பதால் டிஸ்க் மாற்றியதற்காக அது போய்விடாது.

எந்த மென்பொருள்

எஸ்எஸ்டி கம்பெனிகளே இலவசமாகத் தருகின்றன. சாம்சங் எஸ்எஸ்டிக்கு சாம்சங் மெஜிஷியன். டபிள்யூடி, குரூஷியல், கிங்ஸ்டன் போன்றவற்றுக்கு அவரவர் பெயரில் வரும் அக்ரானிஸ். அந்தந்த கம்பெனி டிஸ்க் இணைந்திருந்தால்தான் இவை வேலை செய்யும். புது எஸ்எஸ்டி பழையதைவிடச் சிறியது என்றால் இவைதான் வசதி, பார்ட்டிஷனைத் தாமே சுருக்கிக்கொள்ளும். ஒரு காலத்தில் எல்லோரும் பரிந்துரைத்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பு 2024 ஜனவரியோடு முடிந்துபோனது.

என் விருப்பம் வேறு. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்தபடி அதையே நகலெடுப்பதைவிட, விண்டோஸை அணைத்துவிட்டு பென் டிரைவிலிருந்து பூட் செய்து எடுப்பதுதான் சுத்தமாக இருக்கும். எந்தக் கோப்பும் திறந்திருக்காது. அதற்குக் குளோன்சில்லா பழைய, நம்பகமான கருவி. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவானது. ஆனால் எழுத்துத் திரையும் அம்புக்குறி விசைகளும் பழகாதவர்களுக்கு மிரட்டலாக இருக்கும். அதே வழியில் வேலை செய்து, மவுஸால் இயக்கக் கூடியது ரெஸ்க்யூசில்லா. கீழே சொல்வது அதைத்தான். புது டிஸ்க் சமமாகவோ பெரியதாகவோ இருக்கும்போது இந்த வழி.

குளோன் செய்வோம்

1. ரெஸ்க்யூசில்லாவின் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும்.

2. கணினியை முழுதாக அணையுங்கள். புது எஸ்எஸ்டியையும் பென் டிரைவையும் சொருகுங்கள். வேறு வெளி டிஸ்க், மெமரி கார்டு எது இருந்தாலும் கழற்றிவிடுங்கள், முக்கியமாக பேக்கப் எடுத்த டிஸ்க்கை.

3. ஆன் செய்து பூட் மெனுவுக்குப் போங்கள். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும். பென் டிரைவிலிருந்து பூட் ஆக மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்யுங்கள்.

4. திரையில் 'குளோன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், முதலில் எதிலிருந்து என்று கேட்கும். அடுத்த திரையில், எதற்கு என்று கேட்கும்.

இந்த இரண்டு திரைகளில் கொஞ்சம் நில்லுங்கள். மூலமும் இலக்கும் தலைகீழானால் காலி டிஸ்க் உங்கள் டிஸ்க்கின் மேல் அழகாகக் குளோன் ஆகிவிடும். அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டும் 500 ஜிபி வகையறா என்றால் 500.1, 512.1 என்றுதான் வித்தியாசம் தெரியும். மாடல் பெயரைப் படியுங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை முன்பே ஃபோனில் படம் எடுத்துவைத்திருந்தால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். யூஎஸ்பி வழியாக இணைத்தால் சில சமயம் எஸ்எஸ்டியின் பெயருக்குப் பதிலாக அடாப்டரில் உள்ள சிப்பின் பெயர் தெரியும். அப்போது குழம்பாமல் பார்ட்டிஷன் பட்டியலைப் பாருங்கள். 100 எம்பி அளவில் ஒரு ஈஎஃப்ஐ பகுதி (பூட் பகுதி), விண்டோஸ் இருக்கும் பெரிய என்டிஎஃப்எஸ் ஒன்று, கடைசியில் சில நூறு எம்பிக்கு ஒரு ரெக்கவரி என்று வரிசையாக இருப்பது பழையது. பார்ட்டிஷனே இல்லாமல் வெறுமையாக இருப்பது புதியது. அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றிப் பார்த்து, பட்டியலில் எது காணாமல் போகிறது என்று கவனியுங்கள்.

5. எல்லாப் பார்ட்டிஷன்களும் தேர்வாகியிருக்கட்டும். பார்ட்டிஷன் டேபிளை மேலெழுதும் டிக்கையும் விட்டுவிடுங்கள். சி மட்டும் போதும் என்று ஈஎஃப்ஐ பகுதியை விட்டால் பூட் ஆகாது.

6. கடைசி உறுதிக் கேள்வியில் இரண்டு பெயரையும் இன்னொரு முறை படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நிரம்பிய இடம் மட்டுமே நகலாகும் என்பதால் 1 டிபி டிஸ்க் என்றாலும் உள்ளே 200 ஜிபி இருந்தால் 200 ஜிபிக்கான நேரம்தான். மலிவான எஸ்எஸ்டிகளில் ஆரம்பத்தில் வேகமாக ஓடி, நடுவில் திடீரென்று படுத்துவிடும். அதன் வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். கேபிளைப் பிடுங்காமல் காத்திருங்கள். என்விஎம்இ கேஸ் கை வைக்க முடியாத அளவு சுடும், மெத்தை மேல் வைக்காமல் மேசை மேல் வையுங்கள்.

கழற்றி மாட்டுவது

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமானதைத் தவறான ஓட்டையில் முடுக்கினால் கீபோர்டு பக்கம் குத்திக்கொண்டு வரும். ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் திருகுகளைக் குத்திவையுங்கள். பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமன் என்றால் 7 மிமீ எஸ்எஸ்டி கொஞ்சம் ஆடும். பழைய டிஸ்க்கைப் பிடித்திருந்த தகட்டை இதற்கு மாட்டினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

முதல் பூட்

முதல் பூட்டின்போது பழைய டிஸ்க் இணைப்பில் இருக்கக் கூடாது. டெஸ்க்டாப்பில் அதன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணைச் சுமந்துகொண்டு நிற்பதால், விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், அல்லது புதியதிலிருந்து பூட் ஆகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

பூட் ஆகவில்லை என்றால் பதறாதீர்கள். பழைய டிஸ்க் கையில் பத்திரமாக இருக்கிறது. 'நோ பூட் டிவைஸ்' என்று வந்தால் பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறதா, பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறதா, பயாஸ் மோட் முன்பு இருந்ததேதானா என்று பாருங்கள். 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத் திரை என்றால் காரணம் டிரைவர். பயாஸில் ஏஎச்சிஐ, ரெய்ட், விஎம்டி என்று டிஸ்க்கை இயக்கும் முறையைச் சொல்லும் அமைப்பு குளோனுக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அதுவும் சரி என்றால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாக ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டுங்கள்.

மிச்ச வேலைகள்

500 ஜிபியிலிருந்து 1 டிபிக்கு வந்தவர்களுக்குப் பாதி இடம் 'அன்அலகேட்டட்' என்று கிடக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி மீது வலது கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக இருக்கலாம். சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அதை அழிக்கத் தேவையில்லை. ரெஸ்க்யூசில்லா பென் டிரைவில் ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி இருக்கிறது. அதில் ரெக்கவரியைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு சி டிரைவை விரித்துவிடலாம்.

'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' திறந்து, சி டிரைவ் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று தெரிகிறதா பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்றே காட்டினால் ஆப்டிமைஸ் கொடுக்காதீர்கள், அது டிஃப்ராக்தான் ஓட்டும்; அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் winsat formal என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இதை உறுதிசெய்வது முக்கியம். எஸ்எஸ்டி என்று புரிந்துகொண்டால்தான் இந்தக் கருவி டிஃப்ராக்குக்குப் பதிலாக டிரிம் (எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) அனுப்பும். சேஃப் பூட் டிக், செக்யூர் பூட், என்கிரிப்ஷன் என்று நீங்கள் மாற்றிய எல்லாவற்றையும் பழையபடி ஆக்குங்கள். என்கிரிப்ஷனை மறுபடி ஆன் செய்யும்போது புது ரெக்கவரி கீ வரும், பழைய தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதிவையுங்கள்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது

சில வாரங்களுக்கு எதுவும் செய்யாதீர்கள். பிரிண்டர், பில்லிங், மெயில் எல்லாம் புதியதில் ஓடுகிறது என்று உறுதியாகும்வரை அது அலமாரியில் இருக்கட்டும். அப்புறம் நலமான டிஸ்க் என்றால் ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். 05, சி5 எண்கள் ஏறியிருந்த டிஸ்க்கில் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

விற்பதாகவோ யாருக்காவது கொடுப்பதாகவோ இருந்தால் 'குயிக் ஃபார்மட்' போதாது. அது பட்டியலை மட்டுமே அழிக்கும், படங்களும் பான் கார்டு ஸ்கேனும் உள்ளேயே இருக்கும். ஃபார்மட் பெட்டியில் குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதுகிறது. டிஸ்க்கில் டி டிரைவும் இருந்தால் அதையும் தனியாக இப்படி அழியுங்கள். 1 டிபிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.